தூக்கிய பானட்

"கழட்டினதை அப்படியே மாட்டிட்டா அப்பாவுக்குத் தெரியவா போகுது?" என்று ஒரு சிறுமி முன்னொரு நாள் கேட்டாள். அது இருக்கட்டும்.

இன்று அண்ணனின் கார் வாசலில் விக்கிக்கொண்டிருந்தது. நேற்றுதான் இன்ஜினுக்கு விலை உயர்ந்த ஸ்பார்க் பிளக்குகளும் அவற்றுக்கான ஒயர்களும் வாங்கித் தானே மாட்டியிருந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் மகளுக்கு இன்டர்வியூ. வேறு வழியில்லாமல், ஒர்க் ஷாப் நடத்தும் தங்கையை அழைத்தார்.

"அந்தக் கரிக்கையோட சீட்டைத் தொட்டுடாதே" என்றார், அவள் வந்ததும்.

"சரிண்ணா."

"படிக்க வச்சா ஸ்பேனரைத் தூக்கிட்டு அலையுது. இந்த மாதிரி பிளக்கைக் கண்ணால பார்த்திருக்கியா?"

பின் சீட்டில் மகள் சிரித்தாள். "அப்பாவே வீடியோ பார்த்து மாட்டினார் அத்தை."

தங்கை பானட்டைத் தூக்கினாள். இரண்டாவது பிளக்கின் ஒயர் மூன்றாவதிலும், மூன்றாவதின் ஒயர் இரண்டாவதிலும் மாறி உட்கார்ந்திருந்தன.

"ஆஃப் பண்ணிட்டு உள்ளயே உட்காருங்கண்ணா. சொல்றப்போ சாவியைத் திருப்புங்க."

பானட் அவளை மறைத்தது. ஒயர்களைச் சரியாக மாற்றி மாட்டினாள். இன்ஜின் சீராக ஓடியது.

"என்னடி பண்ணினே?"

"ஒண்ணுமில்லண்ணா. ஒரு ஒயர் லேசா லூசா இருந்துது. அழுத்தி விட்டேன்."

"பார்த்தியாம்மா, நான் மாட்டினது தப்பாகுமா? இதுக்குப் போய் ஒரு மெக்கானிக்."

கார் தெரு முனை திரும்பியது.

அன்று அப்பாவின் ஸ்கூட்டரைக் கழற்றித் தப்பாக மாட்டிய சிறுமி இந்தத் தங்கைதான். "நான்தான்ப்பா கழட்டினேன்" என்று முன்னால் வந்து இரண்டு அறை வாங்கியவர் அண்ணன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுகிறவர், அதை மட்டும் இன்றுவரை சொல்லிக்காட்டியதில்லை.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். இதை அவளும் சொல்லப்போவதில்லை.