மெக்கானிக் கிளம்பிட்டாரு

“உங்க கம்ப்ளைன்ட்டை எஸ்கலேட் பண்றேன் மேடம், லைன்லயே இருங்க” என்றாள் லிஃப்ட் கம்பெனிப் பெண்.

அண்ணிக்காரியின் போன் ஸ்பீக்கரில் இசை ஓடத் தொடங்கியது.

லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. உள்ளே நாத்தனார். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அவளுடைய இன்ஹேலர் வெளியே, அண்ணிக்காரியின் கையில் இருந்தது.

கதவிடுக்கில் ஒரு விரல்தான் நுழையும். இன்ஹேலரை நுழைக்கப் பார்த்ததில் அண்ணிக்காரிக்கு நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

எல்லாம் காலையில் குளியலறையில் கிடந்த ஒரு ஈரத் துண்டில் தொடங்கியது. பேச்சு துண்டிலிருந்து சமையலுக்குத் தாவி, சமையலிலிருந்து வளர்ப்புக்குப் போய், கடைசியில் செத்துப்போன மாமனாரையும் விட்டுவைக்கவில்லை. ஆளுக்கு ஒரு வார்த்தை குறைத்திருக்கலாம். இருவரும் குறைக்கவில்லை. நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டு விருட்டென்று லிஃப்டில் ஏறினாள்.

கோபத்தில் கிளம்பியவள் இன்ஹேலரை மேஜையிலேயே விட்டுவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு இவள் படியில் ஓடி வரும்போதுதான் லிஃப்ட் தடாலென்று நின்ற சத்தம் கேட்டது.

“அது என்னம்மா எஸ்கலேட்டு?” என்றார் வாட்ச்மேன். தன் போனில் தீயணைப்பு நிலையத்துக்கு விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அது பிஸியாகவே இருந்தது.

“பெரிய ஆளுகிட்ட விஷயத்தைக் கொண்டுபோறது அண்ணே.”

சண்டை முற்றிப்போவதற்கும் அதே சொல்தான் என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

“சத்தம் போடுங்கம்மா. கத்தினாத்தான் இவங்க அசைவாங்க.”

அவள் கத்தவில்லை. கத்துகிறவர்களை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே இருமல் கேட்டது. இருமலுக்கு நடுவே மூச்சு விசிலடித்தது.

இசை நின்றது.

“வணக்கம் மேடம், சீனியர் மேனேஜர் பேசறேன்.” கனத்த, நிதானமான ஆண்குரல். “கவலையே படாதீங்க. மெக்கானிக் கிளம்பிட்டாரு.”

வாட்ச்மேனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் போனைக் காதருகே கொண்டுபோனாள்.

மேனேஜரின் குரலுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், முதலில் பேசிய பெண் வேறு யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தம்பி” என்றாள் மெதுவாக. “நீங்க அந்தப் பொண்ணுக்குப் பக்கத்து சீட்டுதானே?”

அவன் வாய் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

“நானும் இதே பொழப்புதான், வேற கம்பெனி. எங்க கால் சென்டர்ல பெரிய மேடம் நான்தான்.”

அங்கேயும் அப்படித்தான். மேலதிகாரி வேண்டும் என்று யாராவது கத்தினால், ஹெட்செட் அவள் நாற்காலிக்கு வரும். அவள் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வாள். புகார் மேலே போவதில்லை, பக்கவாட்டில் ஒரு முழம் நகரும், அவ்வளவுதான். கிளம்பிவிட்டதாக அவள் சொன்ன மெக்கானிக்குகளில் பாதிப் பேருக்கு விஷயமே தெரிந்திருக்காது.

“உள்ள இருக்கறவளுக்கு மூச்சு வாங்குது தம்பி. நிஜத்தைச் சொல்லுங்க. மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்களா?”

“இல்லக்கா.” கனமெல்லாம் போய், இருபது வயசுப் பையனின் குரல் மிஞ்சியது. “இன்னும் கூப்பிடல.”

“இப்பக் கூப்பிடுங்க. என் காதுல விழணும்.”

அவன் ஹெட்செட்டைக் கீழே போடுவதும், வேறொரு போனில் யாரையோ பெயர் சொல்லிக் கத்துவதும் கேட்டது. திரும்பி வந்தபோது அவனுக்கே மூச்சு வாங்கியது.

“மெக்கானிக் கிளம்பிட்டாருக்கா. சத்தியமா. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்காரு.”

அவள் மண்டியிட்டு, கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

“பதறாதம்மா. மெக்கானிக் கிளம்பிட்டாரு.”

நிதானமாக, கனிவாகத்தான் சொன்னாள். வருஷக்கணக்காகப் பழகிய குரல், தானாக வந்துவிட்டது.

உள்ளே இருமல் அடங்கியது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வந்தது.

“நிஜமாவா அண்ணி... இல்ல... ஆபீஸ்ல சொல்வீங்களே... அந்த மாதிரியா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தக் கனிவான குரல் வரவில்லை.

“நிஜமாடி! வராருடி! அதுக்குள்ள உயிரை விட்டுத் தொலைச்சுடாதடி, பாவி!”

கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, அழுதுகொண்டே கத்தினாள். காலையில் ஈரத் துண்டுக்காகக் கத்திய அதே குரல்.

உள்ளிருந்து விசிலோடு பதில் வந்தது.

“சரி அண்ணி” என்றாள் நாத்தனார். “அப்ப நிஜம்தான்.”