சைமன் கொட்டச் சொன்ன பாகு

"இதைப் பாவிக்க வேண்டாம். சட்டியில் இருப்பதையும் கொட்டிவிடுங்கள்" என்றார் பக்கத்து வீட்டுச் சைமன்.

புஷ்பராணி அகப்பையோடு திகைத்து நின்றாள். ரோஸ் நிறத்தில் தேங்காய்ரொபி என்ற இனிப்பின் பாகு இறுகிவரும் நேரம். ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த மனிதர், மேசையிலிருந்த சிவப்புச் சாயப் புட்டியைக் கண்டதும் கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாகப் படித்தார். வேறு கொண்டு வருகிறேன் என்று புட்டியையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சைமன் யூதர். தொழிற்சாலைகளில் உணவு தங்கள் மத முறைப்படி தயாராகிறதா என்று பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் குணம் போகவில்லை.

அன்று கந்தசஷ்டியின் கடைசி நாள். மகள் பிரஷாந்தினிக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நல்லபடி பிறக்கவேண்டுமென்று முருகனுக்கு நேர்ந்து, புஷ்பராணி பாலும் பழமுமாக இருந்தாள். பியர்பொன்ட்ஸ் நகரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே, இது மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் புழங்காத வீடு என்று சைமனிடம் பெருமையாகச் சொன்னவள் அவள்.

"எங்கட குசினிக்குள்ள வந்து எங்களுக்கே சுத்தம் படிப்பிக்கிறார்" என்றார் கணவர் அருமைராசா. "தான் தின்னுறதுக்குத் தோதா நாங்கள் சமைக்கோணுமாம்."

"விடுங்கோ. அந்தாளுக்கும் ஒரு துண்டு தின்ன ஆசை போல."

சைமன் பீட்ரூட் சாயம் கொண்டுவந்து கொடுத்தார். பசிக் களைப்போடு அவள் மறுபடி தேங்காய் துருவினாள்.

மறுநாள் காலை படையல் முடிந்து, அவள் விரதம் முடித்ததும், முதல் தட்டு சைமன் வீட்டுக்குப் போனது. கொண்டுபோனவர் அருமைராசா.

சைமன் ஆசையோடு பார்த்தார், தொடவில்லை. வேறு வீட்டுச் சட்டியில் சமைத்ததை எங்கள் முறைப்படி சாப்பிட முடியாது, மன்னிக்கவேண்டும் என்றார்.

அருமைராசாவுக்கு வந்த கோபத்தில் ஆங்கிலம் தடுமாறியது. சாப்பிடாத ஆளுக்கு எந்தச் சாயமாக இருந்தால் என்ன, பட்டினி கிடந்தவளை ஏன் இரண்டாம் தரம் அடுப்படியில் நிற்க வைத்தீர்கள் என்று கேட்டே விட்டார்.

சைமன் எட்டிப் பார்த்தார். அடுத்த வாசலில் புஷ்பராணி சிரித்துக் கையசைத்தாள். அவரும் கையசைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சாப்பிடப் போகிறவர் அவர்தானே. தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் நொந்துபோவார். அந்தப் புட்டியில் இருந்தது பூச்சியைக் காயவைத்து அரைத்த சிவப்பு."