வலைக்குள் ஒரு தேக்குமரம்

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வெயில் சுள்ளென்று ஏறுகிறது. போன வாரப் புயலில் மூழ்கிய சரக்குக் கப்பலின் தேக்குமரம் ஒன்று மீனவன் பக்கிரியின் வலையோடு கரையில் கிடக்கிறது. மரத்தில் நீலச் சாயத்தில் எழுதிய எண் கண்ணிகளுக்கு நடுவே பாதிதான் தெரிகிறது. கப்பல் கம்பெனி ஆள் கையிலுள்ள சரக்குப் பட்டியலைப் பிரிக்கிறார், மடிக்கிறார், மறுபடி பிரிக்கிறார். "வலைய அறுங்கப்பா, நம்பரப் பாக்கணும்." பக்கத்தில் நிற்கும் சுங்க அதிகாரி கத்தியை நீட்டுகிறார். சுற்றி நிற்கும் ஒருவரும் வாங்கவில்லை. அடுத்தவன் வலையில் இங்கே எவனும் கத்தி வைக்கமாட்டான். "மீனோ மரமோ, வலையில வுழுந்தது எங்க பாடு, எங்களுக்குத்தான் சொந்தம் சார்" என்கிறாள் பக்கிரியின் மனைவி வீராயி. ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓயாமல் இரைகிறது. மரத்தில் உட்காரப்போன காக்கை உட்காராமலே பறக்கிறது. பொறுக்கமாட்டாத அதிகாரி கத்தியைக் கீழே போட்டுக் குனிகிறார். மரம் வலையில் கிழித்த ஓட்டைக்குள் கையை விட்டு எண்ணின் மேலுள்ள சேற்றைத் துடைக்கிறார். காலையிலிருந்து அந்த ஓட்டையைத்தான் பக்கிரி பின்னிக்கொண்டிருக்கிறான். இப்போதும் அவன் ஊசியை நிறுத்தவில்லை. அதிகாரியின் மணிக்கட்டைச் சுற்றிக் கண்ணிகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. "கைய எடுத்துக்குங்க சார்," என்கிறான் தலைநிமிராமல். "இல்லன்னா அதுவும் எங்க பாடுதான்."