பூவரச இலை

கழிமுகத்தை மணல் மூடியதிலிருந்து மீனில்லை. ஸ்டெல்லாராணியின் அண்ணன் உட்பட ஆண்களெல்லாம் வெளியூர்ப் படகுகளுக்குப் போய்விட்டார்கள். கழியோரக் காட்டுப்பாதையில் விறகுக்குப் போகும்போதெல்லாம் அவள் ஒரு பூவரச இலையைத் தண்ணீரில் போடுவாள். எட்டு மாதமாக எந்த இலையும் நகர்ந்ததில்லை. இன்று போட்ட இலை கடல் பக்கம் நகர்ந்தது. “மைனி, ஓடுது!” என்று கத்திக்கொண்டே அவள் ஓட, விறகுக்கட்டை வீசிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்ணன் மனைவி ரீத்தம்மாளும் ஓடினாள். காடு முடியும் இடத்தில் இலை நின்றுவிட்டது. “காத்து தள்ளிருக்கும்ளா,” என்றாள் மைனி, மூச்சிரைக்க. இலை மெல்லத் திரும்பி அவர்களை நோக்கி வந்தது. ஸ்டெல்லா தண்ணீரை அள்ளி மைனியின் வாயருகே நீட்டினாள். மழைக்குப் பிறகு சப்பென்றிருந்த தண்ணீர் உப்புக் கரித்தது. “ஏளா, கழிமுகம் தொறந்துட்டு! ஒங்கண்ணனுக்குப் போன் போடு!” என்றாள் மைனி. இலை அவர்களைக் கடந்து காட்டுக்குள் விரைந்துகொண்டிருந்தது.