வாய் திறக்காத புஷ்

அருளப்பனின் க்ரூஸர் பைக் எண்பதைத் தொட்டால் போதும், பின்பக்கம் ஆட ஆரம்பித்துவிடும். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டுக்குள் இருந்த ரப்பர் புஷ்ஷுக்கு மட்டும் தெரியும். தேய்ந்து லொடலொடவென்று ஆகிப்போனது அதுதான். சொன்னால் கழற்றி எறிந்துவிடுவார்களே என்று கமுக்கமாகக் கிடந்தது.

மெக்கானிக் முதலில் டயரை மாற்றினார். ஆட்டம் நிற்கவில்லை. அடுத்து ஷாக் அப்சார்பர் மேல் பழி விழுந்தது.

"என்கிட்ட ஒரு குறையும் இல்ல. பக்கத்துலதானே இருக்க, நீயாவது சொல்லேன்ப்பா!" என்று அது கெஞ்சியது.

"எனக்கென்ன தெரியும்? நான் உள்ளே கிடக்கிறவன்," என்றது புஷ்.

ஷாக் பழைய இரும்புக் கடைக்குப் போனது. பளபளவென்று புதிது வந்தது. அருளப்பன் அதை நம்பி, மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, புறவழிச்சாலை வளைவில் நூறில் சாய்ந்தார்.

ஒரு மாதம் கழித்து, நசுங்கிப்போன பைக்கையும் அதே கடையில் கொண்டுவந்து தள்ளினார்கள். குவியலுக்குள்ளிருந்து பழைய ஷாக் பதறிப்போய்க் கேட்டது:

"ஐயோ, என்னாச்சு? அண்ணனும் அண்ணியும் நல்லா இருக்காங்களா?"

புஷ் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.