கேமராவுக்குக் காட்டிய கை

சுசீந்திரத்து வீட்டின் முன்னறையில், கேமரா ரெக்கார்டரின் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் பொட்டு போன்ற சிறு பேட்டரியைக் கழற்றி மறுபடி பொருத்துகிறான் மார்த்தாண்டத்து மெக்கானிக் ஜெஃப்ரின். பழைய பாஸ்வேர்டு அழிகிறது. "தோஹாவில இருக்க அண்ணன்தான் பாஸ்வேர்டு போட்டான். அது மறந்துபோயி ஆறு மாசமா கேமராவ பாக்கவே முடியலியாம். அம்மைட்ட சொல்லாம இருந்திருக்கான்," என்கிறாள் சிவப்ரியா. அம்மா அழகியநாயகி இறந்து இன்று ஐந்தாம் நாள். டிவியில் பழைய பதிவுகள் ஓடுகின்றன; முற்றம் தெரிகிறது, சத்தமில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு, திருநீற்று நெற்றியோடு அம்மா கேமராவின் கீழ் வந்து நிற்கிறாள். மகனுக்குக் கை காட்டுகிறாள். அன்றைய தோசையைத் தட்டோடு தூக்கிக் காட்டுகிறாள். கடைசி நாள் காட்சியில், நின்ற இடத்திலேயே சரிந்து விழுகிறாள். திறந்த கேட்டுக்கு வெளியே ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மல்லாந்து கிடந்தபடி கேமராவைப் பார்த்தே கையை ஆட்டுகிறாள். எட்டேகால். எட்டரை. ஒன்பதுக்குச் சற்று முன் கை தரையில் விழுகிறது. சிதறிய தோசையைக் காகம் கொத்துகிறது. சிவப்ரியாவின் செல்போன் அடிக்கிறது. "தெறந்தாச்சா மக்கா? அம்மைய பாத்தியா?" அண்ணனின் குரல் உடைந்திருக்கிறது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "இல்லண்ணே. டிஸ்க் கெட்டுப்போச்சாம். ஒண்ணும் தெரியல்ல."