பொட்டைச் சுற்றிய கோடு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பார்த்தால், எங்கள் தெருவில் நின்ற ஒன்பது கார்களிலும் யாரோ ஆணியால் நீளமாகக் கீறியிருந்தார்கள்.

“கால்வாய்க்கரைப் பசங்கதான். பிடிச்சுக் கையை உடைக்கணும்” என்றார், போன மாதம்தான் கார் வாங்கியிருந்த தணிகாசலம். நானும் தலையாட்டினேன்.

விசாரிக்க வந்த ஏட்டு, கீறலின் மேல் விரலை ஓட்டியபடி ஒவ்வொரு காராக நடந்தார். கதவில் நாங்கள் வைத்த சந்தனப் பொட்டு வரும் இடத்தில் மட்டும் அவர் விரல் வளைந்து போனது. ஒன்பது கார்களிலும் கோடு பொட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

“யார் மேலயாவது சந்தேகம் இருக்கா சார்?”

தணிகாசலம் குனிந்து, தன் கார் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலை ஏட்டய்யா. ஆள் கிடைச்சா அடிச்சுராதீங்க.”